வர்ணனை மேசையிலிருந்து பிரேசில் பெஞ்சுக்கு: ஜோவாவ் சல்தான்யா

நடுக்களத்தான் எழுதியது:

1970 பிரேசில் அணியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே பெலே, பயிற்சியாளர் சகாலோ, இறுதியாட்டத்தில் கார்லோஸ் ஆல்பர்ட்டோ அடித்த நாலாவது கோல் என்று ஓடிவிடுகிறது. அந்த அணியைக் கூட்டியவர் ஒரு ரேடியோ வர்ணனையாளர் என்பது பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோகிறது. அவருக்கென்று தனி இழை வேண்டும்.

ஜோவாவ் சல்தான்யா, 1917 ஜூலை 3 அன்று பிரேசிலின் தெற்குக் கோடியில், ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்து அலெக்ரெட்டேயில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ரியோவில் ரேடியோவிலும் பத்திரிகையிலும் கால்பந்து விமர்சகர். அஞ்சா நெஞ்சர் என்ற பொருளில் 'ஜோவாவ் செம் மெடோ' என்று பட்டப்பெயர். 1969 பிப்ரவரி 4 அன்று, அப்போதைய பிரேசில் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவர் ஜோவாவ் ஹாவெலாஞ்ச் அவரைத் தேசிய அணியின் பயிற்சியாளராக்கினார். 1970 மார்ச் 17 அன்று நீக்கிவிட்டார்கள். மொத்தம் 13 மாதம்.

ஏன் அவரைப் போய்? 1966ஐப் பார்க்க வேண்டும். அந்த உலகக்கோப்பைக்கு முன் 40 பேருக்கும் மேல் முகாமுக்கு அழைத்து, யார் முதல் பதினொன்று என்று முடிவெடுக்காமலே இங்கிலாந்துக்குப் போனார்கள். 3 ஆட்டங்களில் 20 பேரை இறக்கி, முதல் சுற்றிலேயே வெளியே வந்தார்கள். அதன்பின் பத்திரிகைகள் அணியை விடவே இல்லை. தினமும் மைக்கில் அணியைக் கிழித்துக்கொண்டிருந்தவர் கையிலேயே அணியைக் கொடுத்துவிட்டால் மற்றவர்களும் கொஞ்சம் அடங்குவார்கள் என்று ஹாவெலாஞ்ச் கணக்குப் போட்டார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

சல்தான்யா பதவி ஏற்ற கையோடு 22 பேரின் பெயரைப் படித்தார். 11 பேர் முதல் அணி, 11 பேர் மாற்று. 1966இன் நோய்க்கு ஒரே வேளை மருந்து அது. 'சல்தான்யாவின் மிருகங்கள்' என்ற பெயர் அந்தக் கூட்டத்துக்கு அப்போதே ஒட்டிக்கொண்டது.

இந்த இழையில் நான் பேச விரும்புவது ஒன்றுதான். வர்ணனை வேலை அவருக்கு ஒரு பயிற்சியாளராக எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது?

———

பழைய ஸ்கோர்ஷீட் எழுதியது:

நல்ல தொடக்கம். ஒரு திருத்தம் மட்டும். "ரேடியோக்காரரைத் திடீரென்று பிடித்துப் போட்டார்கள்" என்று பலரும் சொல்வது பாதிதான் உண்மை. வரிசை வேறு.

1957இல் அவர் பொட்டாஃபோகோ கிளப்பின் நிர்வாகத்தில் இருந்தவர். பயிற்சியாளர் அனுபவம் இல்லாமலேயே அணியை எடுத்துக்கொண்டார். அந்த வருட ரியோ மாநிலப் போட்டியின் கடைசி ஆட்டம் டிசம்பர் 22, ரியோவின் மரக்கானா மைதானம், எதிரணி ஃபுளுமினென்சே. ஃபுளுமினென்சேவுக்கு டிரா போதும். பொட்டாஃபோகோ 6-2 என்று ஜெயித்தது. பாவ்லோ வலென்டிம் மட்டும் 5 கோல், மீதி ஒன்று கரிஞ்சா. டிடியும் நில்டன் சாண்டோஸும் அந்த அணியில்தான்.

1959 வரை அங்கே இருந்தார். 1958இல் ஃபிளமெங்கோவிலிருந்து பொட்டாஃபோகோவுக்கு வந்து அவருக்குக் கீழ் ஆடியவர் யார் தெரியுமா? மாரியோ சகாலோ. 1970 மார்ச்சில் அவர் இடத்தில் உட்கார்ந்த அதே சகாலோ.

பொட்டாஃபோகோவுக்குப் பிறகுதான் முழுநேர ரேடியோ. ஆக, கிளப் நிர்வாகி, பயிற்சியாளர், வர்ணனையாளர், மறுபடி பயிற்சியாளர். உடைமாற்றும் அறை அவருக்குப் புதிதல்ல. ஆனால் 10 வருட இடைவெளி இருந்தது, அந்த 10 வருடமும் கையில் இருந்தது மைக்.

———

மைக்மேசை எழுதியது:

பிரேசில் ரேடியோவின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் நடுக்களத்தான் கேட்டதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அங்கே ஒரு ஒலிபரப்பில் 3 வகை ஆட்கள் உண்டு. பந்து போகும் வேகத்திலேயே வாயால் ஓடுபவர் நரடோர், "கோ...ல்" என்று மூச்சு முட்ட இழுப்பவர் அவர்தான். மைதான ஓரத்தில் நிற்கும் நிருபர் காயம், ஆள் மாற்றம், பெஞ்சில் நடப்பதைச் சொல்வார். மூன்றாமவர் கொமென்டரிஸ்டா. பந்தைப் பின்தொடரக் கூடாது என்பதே அவருக்கு வேலை. பந்து இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்து, நரடோர் மூச்சு வாங்கும் 10, 15 விநாடியில் ஒரு கருத்தை முடிக்க வேண்டும். இடைவேளையில் 45 நிமிட ஆட்டத்தையும் 3 நிமிடத்துக்குள் விளக்க வேண்டும். கேட்பவர் மைதானத்தைப் பார்க்கவே இல்லை என்பதால் "இடது பின்வரிசை ஆட்டக்காரர் மேலேறிப் போனதும் அவர் முதுகுக்குப் பின்னால் காலி" என்று இடத்தைச் சொல்லிப் பேசியாக வேண்டும்.

சல்தான்யா இந்த மூன்றாவது வகை. ஆயிரக்கணக்கான பேருக்குப் புரியும்படி ஆட்டத்தை 3 நிமிடத்தில் சுருக்கிப் பழகியவர். இடைவேளைப் பேச்சுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஒரு கோளாறும் கூடவே வரும். வர்ணனையாளரின் வாக்கியம் நடந்து முடிந்ததைப் பற்றியது, படர்க்கையில் இருக்கும்: "அவர் உள்ளே வந்திருக்க வேண்டும், வரவில்லை." பயிற்சியாளரின் வாக்கியம் முன்னிலையில், இனி நடப்பதைப் பற்றி இருக்க வேண்டும்: "அவன் பந்தை வாங்கத் திரும்பும்போது நீ 2 மீட்டர் பக்கத்தில் நில்." முதல் வகை கேட்க நன்றாக இருக்கும், ஆட்டக்காரரின் காலுக்கு இறங்காது. டிவி ஸ்டுடியோவிலிருந்து போகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

———

புதுரசிகன் எழுதியது:

ஒரு சந்தேகம். சல்தான்யா ஆடியது 4-2-4 (பின்னால் 4, நடுவில் 2, முன்னால் 4 பேர்) என்று படித்தேன். நடுவில் இரண்டே பேர் என்றால் மூன்று பேர் வைத்திருக்கும் அணியிடம் சிக்கிக்கொள்ளாதா? எப்படித் தாங்கினார்கள்?

———

இடதுவிங் எழுதியது:

@புதுரசிகன், சரியான கேள்வி. இந்த இழையின் முக்கியமான விஷயமே அதுதான் என்பேன்.

முதலில் தகுதிச்சுற்றில் அவர் இறக்கிய அணி: கோலில் ஃபெலிக்ஸ். பின்னால் கார்லோஸ் ஆல்பர்ட்டோ, ஜால்மா டியாஸ், ஜோயல், ரில்டோ. நடுவில் பியாசா, ஜெர்சன். முன்னால் ஜயர்சின்யோ, டோஸ்டாவ், பெலே, இடது ஓரத்தில் எடு என்பவர். பின்வரிசை நாலு பேரும், பெலேயும், எடுவும் சாண்டோஸ் கிளப். ஆறு பேர் வாரம் முழுக்கச் சேர்ந்து ஆடுகிறவர்கள். தேசிய அணிக்குப் பயிற்சி நாட்கள் குறைவு; ஆகவே ஏற்கெனவே ஒத்துப்போன ஒரு தொகுதியைத் தூக்கி அப்படியே வைத்தார். எளிய யோசனை, 1966இல் யாரும் செய்யாதது.

நடுவில் இரண்டு பேர் கணக்கு. மைதானத்தின் அகலம் 68 மீட்டர் என்று வையுங்கள். ஆளுக்கு 34 மீட்டர். எதிரணி மூன்று பேரை வைத்தால் ஒருவர் எப்போதும் தனியாக இருப்பார். இதை அடைக்க மூன்று வழி உண்டு.

ஒன்று, முன்வரிசையில் ஒருவர் இறங்கி வருவது. பெலேயும் டோஸ்டாவும் மாறி மாறி இறங்கினார்கள். இருவரும் 10ஆம் எண் வகை (முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நின்று ஆட்டத்தை அமைப்பவர்கள்), சேர்ந்து ஆட முடியாது என்று அப்போது பெரிய வாதம் நடந்தது. சல்தான்யா கேட்கவில்லை, இருவரையும் சேர்த்தே இறக்கினார். டோஸ்டாவ் எதிரணி டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தால், அந்தக் காலி இடத்துக்குள் ஜயர்சின்யோ குறுக்கே ஓடுவார். இதை ஒரு ஆட்டத்தின் ஒளிப்பதிவில் தனியாகக் கவனித்துப் பாருங்கள்: டோஸ்டாவ் பந்தைத் தொடாமலே ஒரு டிஃபெண்டரை இடம்பெயர்த்திருப்பார்.

இரண்டாவது வழி, ஒரு விங்கர் (ஓரத்தில் ஆடும் முன்வரிசைக்காரர்) உள்ளே சுருங்கி மூன்றாவது நடுக்கள ஆளாவது. 1958, 1962 உலகக்கோப்பைகளில் இதைச் செய்தவர் ஆட்டக்காரர் சகாலோ. பயிற்சியாளர் ஆனதும் ரிவெலினோவை வைத்து அதையே செய்தார்.

மூன்றாவது, பின்வரிசை 5, 6 மீட்டர் மேலேறி நின்று இடைவெளியைக் குறைப்பது. வேகமான ஸ்ட்ரைக்கர் எதிரே இருந்தால் ஆபத்து.

சல்தான்யா முதல் வழியில் நின்றார். எடு என்ற இயல்பான இடது விங்கரை வெளியிலேயே வைத்தார். பதுங்கி ஆடுகிற அணிகளிடம் இது அருமையாக வேலை செய்தது, ஏனென்றால் நாலு பேர் முன்னால் விரிந்து நின்றால் அடைத்து ஆடும் அணி அகலமாக இழுபடும். பந்தை வைத்து ஆடத் தெரிந்த அணியிடம்தான் சிக்கல். 1969 ஜூன் 12 மரக்கானாவில் இங்கிலாந்துடன் நட்பு ஆட்டம். காலின் பெல் முதலில் அடித்து, வெகுநேரம் இங்கிலாந்துதான் முன்னால். கடைசிக் கட்டத்தில் டோஸ்டாவும் ஜயர்சின்யோவும் அடித்து 2-1. ஸ்கோரை மட்டும் பார்த்தால் இந்த எச்சரிக்கை தெரியாது.

———

பழைய ஸ்கோர்ஷீட் எழுதியது:

தகுதிச்சுற்று முடிவுகளை ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன். எல்லாம் 1969 ஆகஸ்ட்.

6ஆம் தேதி பொகோட்டாவில் கொலம்பியா 2-0. 10, கராகஸில் வெனிசுவேலா 5-0. 17, அசுன்சியோனில் பராகுவே 3-0. பிறகு மூன்றும் மரக்கானா: 21 கொலம்பியா 6-2, 24 வெனிசுவேலா 6-0, 31 பராகுவே 1-0. ஆறுக்கு ஆறு வெற்றி, 23 கோல் அடித்து 2 வாங்கியது. டோஸ்டாவ் மட்டும் 10 கோல்.

கடைசி ஆட்டத்துக்குப் பணம் கட்டி உள்ளே போனவர்கள் 1,83,341. இரண்டாம் பாதியில் பெலே அடித்த ஒரே கோல்.

26 நாளில் 6 ஆட்டம் என்பதைக் கவனியுங்கள். முதல் ஆட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில். இப்படி நெருக்கி ஆடும்போது அணியை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒத்திசைவு வராது. முன்கூட்டியே 11 பேரை அறிவித்ததன் பலன் இந்த 26 நாளில்தான் தெரிந்தது.

———

மரக்கானா எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஏன் நீக்கினார்கள் என்று யாரும் தொடவில்லையே? அதிபர் மெடிசி தாரியோவை எடுக்கச் சொன்னார், சல்தான்யா மறுத்தார், அதனால் போனார். இவ்வளவுதானே கதை?

———

நடுக்களத்தான் எழுதியது:

@மரக்கானா, அந்தக் காரணம் உண்மை, ஆனால் அது மட்டும் என்று சொன்னால் விஷயம் சுருங்கிவிடும்.

அரசியலை முதலில் சொல்கிறேன். 1964இலிருந்து பிரேசிலில் ராணுவ ஆட்சி. 1969 அக்டோபர் 30 அன்று ஜெனரல் மெடிசி அதிபரானார். கால்பந்துப் பைத்தியம், கிரேமியோ ரசிகர். அட்லெட்டிகோ மினெய்ரோவின் கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர் தாரியோ அணியில் வேண்டும் என்பது அவர் விருப்பம். சல்தான்யா பதில் சொன்னது எல்லாருக்கும் தெரியும்: அதிபர் தன் அமைச்சரவையை அமைத்துக்கொள்ளட்டும், என் அணியை நான் அமைத்துக்கொள்கிறேன் என்ற பொருளில். அடக்குமுறை உச்சத்தில் இருந்த காலத்தில், கம்யூனிஸ்ட் என்று ஊரறிந்த ஒருவர் இதைப் பொதுவில் சொன்னார். அந்தத் துணிவை நான் குறைத்துப் பேசவே மாட்டேன்.

ஆனால் அதே சில மாதங்களில் மைதானத்திலும் சேதாரம் ஆகிக்கொண்டிருந்தது. டோஸ்டாவுக்கு 1969 செப்டம்பர் 24 அன்று பந்து கண்ணில் பட்டு விழித்திரை பெயர்ந்தது. ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை. அணியின் அச்சாணி கழன்ற மாதிரி. சல்தான்யா ஐரோப்பா போய் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, அங்குள்ள உடல்பலத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று ஆட்களை மாற்றத் தொடங்கினார். கோல்கீப்பர் ஃபெலிக்ஸ் வெளியே போனார், அடோவும் லெயாவும் வந்தார்கள். 13 மாதத்துக்கு முன் "இதோ என் பதினொன்று" என்று சொன்னவரே இப்போது மாற்ற ஆரம்பித்ததும் பழைய சந்தேகங்கள் திரும்பிவிட்டன.

1970 மார்ச் 4, போர்ட்டோ அலெக்ரேயில் அர்ஜென்டினாவிடம் 0-2 தோல்வி. 8ஆம் தேதி ரியோவில் அவர்களையே 2-1 என்று வென்றார்கள். 14ஆம் தேதி பங்கு என்ற பெயருடைய கிளப்புடன் பயிற்சி ஆட்டம் 1-1. அந்த நாட்களிலேயே ஃபிளமெங்கோ பயிற்சியாளர் யுஸ்ட்ரிச் வெளிப்படையாக விமர்சித்ததற்காகத் துப்பாக்கியுடன் அவரைத் தேடி ஃபிளமெங்கோ பயிற்சிக் கூடத்துக்கே போய்விட்டார் சல்தான்யா. யுஸ்ட்ரிச் அங்கே இல்லை. பெலேயுடன் மனக்கசப்பு வேறு. 17ஆம் தேதி எல்லாம் முடிந்தது.

தாரியோ விஷயம் மட்டும் இருந்து, அணி தோற்காமல் இருந்திருந்தால் ஹாவெலாஞ்ச் அவரை அசைத்திருப்பாரா? உலகக்கோப்பைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது ஆறுக்கு ஆறு ஜெயித்தவரை நீக்குவது கடினம். அர்ஜென்டினா ஆட்டமும் துப்பாக்கியும் அந்தக் கதவைத் திறந்துவிட்டன என்றே நினைக்கிறேன்.

———

மரக்கானா எழுதியது:

இதில் நான் முழுக்க ஒத்துப்போக மாட்டேன் நண்பரே. ஒரு ஆட்டம் தோற்றதற்கு எத்தனையோ பயிற்சியாளர்கள் தப்பியிருக்கிறார்கள். ராணுவ அரசு ஒரு கம்யூனிஸ்ட் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பிரேசிலியாவுக்கு வருவதைச் சகித்திருக்காது. காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள், அவரே எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று: சகாலோ தாரியோவை 22 பேரில் சேர்த்தார். மெக்சிகோவில் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. ஆட்டத்துக்காக எடுத்த ஆள் என்றால் இறக்கியிருப்பார்கள் அல்லவா?

பெலே மனக்கசப்பு என்றீர்கள். என்ன நடந்தது?

———

மைக்மேசை எழுதியது:

பெலே விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் வர்ணனையாளரின் பழக்கம் எங்கே காலை வாரியது என்பதற்கு அதுவே சரியான உதாரணம்.

பெலேவுக்குக் கிட்டப்பார்வை இருந்தது, அது பொய்யல்ல. சல்தான்யா அவருடைய ஆட்டம் மங்குகிறது என்று கருதினார், ஓய்வு கொடுக்க நினைத்தார். இது வரை எந்தப் பயிற்சியாளரும் செய்யக்கூடியது. ஆனால் பெலேவுக்குக் கண் சரியில்லை என்ற பேச்சு பத்திரிகைக்குப் போய்விட்டது.

இதைச் செய்யும் ஒழுங்கு என்ன? முதலில் மருத்துவர், எழுத்தில் அறிக்கை. பிறகு ஆட்டக்காரருடன் தனி அறையில் பேச்சு. உடன் கேப்டனோ மருத்துவரோ ஒருவர் மட்டும். மூன்றாவதாக, வெளியே சொல்வது "இந்த ஆட்டத்தில் ஓய்வு" என்ற ஒரே வாக்கியம். உடல்நிலை விவரம் ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் வெளியே போகவே கூடாது. இந்த வரிசை குலைந்தால் இரண்டு சேதம்: அந்த ஆட்டக்காரர் எதிரியாகிறார், மீதி 21 பேரும் "நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படித்தான்" என்று நினைக்கிறார்கள்.

வர்ணனையாளருக்கு ஒரு உண்மை கண்ணில் பட்டால் அதைச் சொல்வதுதான் தொழில் தர்மம். மறைத்தால் கேட்பவரை ஏமாற்றியதாகும். பயிற்சியாளருக்கு அந்த உண்மையைத் தேவைப்படும் வரை வாய்க்குள் வைத்திருப்பது தர்மம். சல்தான்யா கடைசி வரை முதல் தர்மத்தையே பின்பற்றினார். மெடிசிக்குச் சொன்ன பதிலும் இதே ஊற்றிலிருந்து வந்ததுதான். ஒன்றைப் புகழ்ந்து இன்னொன்றைக் குறை சொல்வது எனக்குக் கடினமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் இரண்டும் ஒரே மனிதரின் ஒரே குணம்.

———

புதுரசிகன் எழுதியது:

இப்போது டிவியிலிருந்து போனவர்களும் இருக்கிறார்களே? கேரி நெவில், தியரி ஆன்ரி? அவர்களுக்கும் இதேதான் நடந்ததா?

———

இடதுவிங் எழுதியது:

அவர்களைச் சல்தான்யாவோடு சேர்க்கும்போது கவனம் வேண்டும். நெவிலும் ஆன்ரியும் முதலில் பெரிய ஆட்டக்காரர்கள், பிறகுதான் டிவி. இருவரும் டிவியில் இருந்தபோதே தேசிய அணியில் உதவிப் பயிற்சியாளர்களாகவும் இருந்தார்கள், நெவில் இங்கிலாந்துக்கு, ஆன்ரி பெல்ஜியத்துக்கு.

நெவில்: 2015 டிசம்பர் 2 அன்று வலென்சியா. 2016 மார்ச் 30 அன்று நீக்கம். 28 ஆட்டத்தில் 10 வெற்றி, 7 டிரா, 11 தோல்வி. லீகில் 16 ஆட்டத்தில் 3 வெற்றிதான். கோப்பை அரையிறுதியில் பார்சிலோனாவிடம் 0-7. அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரட்டிப்பு நேரம். இடைவேளையில் 4 நிமிடம் கிடைத்தால் 2 நிமிடப் பேச்சுதான். ஆட்டம் ஓடும்போது டச்லைனிலிருந்து கத்துவது அறவே பயன்படாது. பேச்சையே பலமாகக் கொண்டவருக்குப் பேச்சு பறிபோனால் என்ன மிஞ்சும்?

ஆன்ரி: 2018 அக்டோபர் 13, மொனாகோ. ஜனவரி 24 அன்று நிறுத்திவைத்தார்கள். 20 ஆட்டம், 4 வெற்றி. ஏற்கெனவே கீழே கிடந்த, காயம்பட்டவர்கள் நிறைந்த அணி.

ஆலன் ஷியரர்: 2009 ஏப்ரல் 1, நியூகாசில். 8 ஆட்டம் மட்டுமே மிச்சம். 1 வெற்றி, 2 டிரா, 5 தோல்வி. மே 24 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் 0-1 தோற்று கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. பிறகு அவர் டிவிக்கே திரும்பினார்.

மூவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுவான விஷயம் தெரிகிறது. சீசன் நடுவிலே, சரிந்துகொண்டிருக்கும் அணியை எடுத்தார்கள். சீசனுக்கு முந்தைய 5, 6 வாரப் பயிற்சிக்காலம் கிடைக்கவில்லை, ஆள் எடுக்கும் வாய்ப்பும் குறைவு. சல்தான்யாவுக்கு முதல் தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு முன் 6 மாதம் இருந்தது, பிரேசிலில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற உரிமையும் இருந்தது. அந்த 6 மாதம்தான் பெரிய வித்தியாசம்.

எதிர் உதாரணமும் உண்டு. யூர்கன் குளோப் மைன்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்துகொண்டே 2006 உலகக்கோப்பையில் ஜெர்மனியின் இசட்டிஎஃப் டிவியில் ஆட்டங்களை விளக்கினார். பெஞ்சில் இருந்தபடி ஸ்டுடியோவுக்குப் போய்வருவது சுலபம். ஸ்டுடியோவிலிருந்து பெஞ்சுக்குப் போவதுதான் மலையேற்றம்.

———

பெஞ்ச்பார்வை எழுதியது:

இதுவரை பேசாத ஒன்று: கண் இருக்கும் உயரம்.

வர்ணனை மேசை மேலே, கேலரியின் உயரத்தில். அங்கிருந்து மைதானம் வரைபடம் மாதிரி தெரியும். பெஞ்சுக்கு இறங்கினால் கண் தரையிலிருந்து 1.7 மீட்டர். டெக்னிகல் ஏரியா, அதாவது பயிற்சியாளர் நிற்க அனுமதிக்கப்பட்ட இடம், இருக்கையின் இரு பக்கமும் 1 மீட்டர், முன்னால் டச்லைனுக்கு 1 மீட்டர் வரை மட்டும். அங்கே நின்றால் எதிர்ப்பக்க விங்கர் கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி. குறுக்கே பார்க்கும்போது அவருக்கும் நடுவில் நிற்பவருக்கும் இடையே 8 மீட்டர் இருக்கிறதா 15 மீட்டரா என்று கண் சொல்லாது. ஒருவர் மேல் ஒருவர் ஒட்டி நிற்பது போலவே தெரியும். மேலிருந்து பார்த்துப் பழகியவர் "எனக்கு ஆட்டம் புரியவில்லை" என்று முதல் வாரமே தடுமாறுவது இதனால்தான்.

அதற்குப் பதிலாக மேலே தெரியாதவை கீழே தெரியும். மூச்சு வாங்கும் விதம், கெண்டைக்கால் பிடித்து நிற்பவர், தவறு நடந்ததும் யார் யாரைத் திட்டுகிறார், யார் பந்தைக் கேட்காமல் ஒளிகிறார்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: மேலே ஒரு ஆய்வாளரை உட்காரவைத்துக் இயர்போன் மூலம் தொடர்பு. 2018இலிருந்து விதிகள் டெக்னிகல் ஏரியாவில் சிறிய மின்னணுக் கருவிகளை இதற்காக அனுமதிக்கின்றன. ஆனால் அவரிடம் எல்லாவற்றையும் கேட்டால் காது நிறைந்து மூளை நின்றுவிடும். மூன்றே கேள்வி போதும்: நம் பின்வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடைவெளி எவ்வளவு? அவர்களில் யார் தனியாகப் பந்து வாங்குகிறார்? நம் பந்து எந்த இடத்தில் பறிபோகிறது? ஆட்டம் தொடங்கிய 10ஆம் நிமிடம், 25ஆம் நிமிடம், இடைவேளைக்கு 3 நிமிடம் முன். மூன்று தடவை, தலா ஒரு வாக்கியம்.

இடைவேளை 15 நிமிடம் என்று பெயர்தான். உள்ளே நடந்து வர 2, தண்ணீர், சிகிச்சை, ஆட்டக்காரர்கள் மூச்சு அடங்க 4. அந்த நேரத்தில் உதவியாளர்களுடன் நின்று இரண்டு முடிவுகளை மட்டும் எடுக்க வேண்டும். பேச்சு 4 நிமிடம். தனித்தனியாக ஒன்றிரண்டு பேரிடம் 2 நிமிடம். மீதி வெளியே வர. இரண்டுக்கு மேல் மாற்றம் சொன்னால் மூன்றாவதை யாரும் நினைவில் வைப்பதில்லை, முதலாவதும் குழம்பிவிடும்.

இன்னொரு தடை சான்றிதழ். ஐரோப்பாவில் மேல்மட்ட லீக் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக யூஃபா ப்ரோ (ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உச்சப் பயிற்சியாளர் சான்றிதழ்) வேண்டும்; அதற்குமுன் பி, ஏ படிகளைக் கடந்திருக்க வேண்டும். சல்தான்யாவின் காலத்துப் பிரேசிலில் இருந்த மாதிரி மைக்கை வைத்துவிட்டு நேரே பெஞ்சுக்குப் போக வழியில்லை. டிவி வேலையில் இருக்கும்போதே வார நாட்களில் இளையோர் அணியுடன் களத்தில் நிற்பவர்களுக்குத்தான் அது சாத்தியம். சான்றிதழைவிட அந்தக் களப் பயிற்சி நேரத்துக்குத்தான் மதிப்பு: கூம்புகளை எத்தனை மீட்டரில் வைப்பது, 20 பேரில் 4 பேர் சும்மா நிற்காமல் பயிற்சியை எப்படி வகுப்பது என்பதெல்லாம் ஸ்டுடியோ திரையில் கற்க முடியாதவை.

———

மரக்கானா எழுதியது:

கடைசியாக ஒரு கேள்வி. 1970 கோப்பை யாருடையது? சகாலோவுடையதா, சல்தான்யாவுடையதா?

———

பழைய ஸ்கோர்ஷீட் எழுதியது:

எண்ணிப் பார்த்தால் பதில் தெளிவாகவே இருக்கிறது. ஜூன் 21 இறுதியாட்டத்தில் இத்தாலியை 4-1 என்று வென்ற அணி: ஃபெலிக்ஸ், கார்லோஸ் ஆல்பர்ட்டோ, பிரிட்டோ, பியாசா, எவரால்டோ, குளோடோவால்டோ, ஜெர்சன், ஜயர்சின்யோ, டோஸ்டாவ், பெலே, ரிவெலினோ. இடதுவிங் மேலே கொடுத்த தகுதிச்சுற்று அணியோடு ஒப்பிடுங்கள். 7 பேர் அதே ஆட்கள்.

மாறிய 4 இடங்களில்தான் சகாலோவின் கை தெரிகிறது. பியாசாவை நடுக்களத்திலிருந்து சென்டர் பேக்காக, அதாவது பின்வரிசையின் நடுவுக்கு, இறக்கினார். பின்னாலிருந்தே நல்ல பாஸ் வர ஆரம்பித்தது. அந்த இடத்துக்கு குளோடோவால்டோ. எடு வெளியே, ரிவெலினோ உள்ளே. இடது விங் காலியானாலும் நடுவில் மூன்று பேர் ஆனார்கள். சல்தான்யா வெளியேற்றிய ஃபெலிக்ஸைத் திரும்ப அழைத்தார். 6 ஆட்டத்தில் 6 வெற்றி, 19 கோல்.

———

இடதுவிங் எழுதியது:

நானும் அதையே சொல்வேன். 4-2-4இல் இருந்த ஓட்டையைச் சகாலோ அடைத்தார். பெலே-டோஸ்டாவ் ஜோடியை நம்பியதும், அணிக்கு "நாம்தான் பதினொன்று" என்ற உறுதியைக் கொடுத்ததும் சல்தான்யா. எடுவை வைத்தே மெக்சிகோ போயிருந்தால் குவாடலஹாராவில் இங்கிலாந்துடன் 1-0 என்று தப்பியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

———

புதுரசிகன் எழுதியது:

நீக்கிய பிறகு அவர் வேறு அணிக்குப் போனாரா?

———

நடுக்களத்தான் எழுதியது:

தேசிய அணிக்கு மறுபடி வரவில்லை. திரும்பிப் போனது மைக்குக்குத்தான். தான் கூட்டிய ஆட்கள் 1970இல் மெக்சிகோவில் ஆடியதை வர்ணனை மேசையிலிருந்து பேசினார். அடுத்த 20 வருடமும் ரேடியோ, டிவி, பத்திரிகைப் பத்தி. 1990 உலகக்கோப்பைக்கு மான்ஷெட்டே டிவிக்காக இத்தாலி போனார். நுரையீரல் மிகவும் கெட்டிருந்த நிலையிலும் போனார். ஜூலை 8 அன்று இறுதியாட்டம். 12ஆம் தேதி ரோமில் காலமானார், வயது 73.